எட்டாவது சேலையின் ராமர் பச்சை

கும்மிடிப்பூண்டியில் பிளாஸ்டிக் வாளி செய்யும் தொழிற்சாலையில் எனக்கு நிறம் பார்க்கும் வேலை. ஒவ்வொரு லாட் சரக்கிலிருந்தும் ஒரு வாளி மூடியை எடுத்து, மாதிரி மூடியோடு ஒட்டி வைத்துப் பார்த்து, சரி அல்லது தள்ளுபடி என்று எழுத வேண்டும். பதினோரு வருடமாகச் செய்கிறேன். இதை ஒரு திறமை என்று வீட்டில் யாரும் நினைத்ததில்லை, நானும்தான்.

போன வருட ஆண்டு விழாவில் முதன்முறையாகப் பெண்களுக்கும் மேடை கொடுத்தார்கள். எட்டுப் பேர் கும்மி அடிப்பது என்று முடிவாயிற்று. ஆட்டத்தைக் கட்டியவள் பழவேற்காட்டுப் பக்கத்து மீனவர் குப்பத்திலிருந்து பேக்கிங் பிரிவுக்குப் புதிதாக வந்திருந்த பெண். பேச்சு குறைவு. ஆனால் அவள் ஓர் அடி எடுத்து வைத்தால் எங்கள் கால்கள் தானாக அவள் பின்னால் போகும்.

விழாவுக்கு ஒரு வாரம் இருக்கும்போது, எங்களுக்கெல்லாம் மூத்த அக்கா ஒருவர் திருவள்ளூர்க் கடையிலிருந்து சேலைகளோடு வந்தார். கரையில்லாத பருத்திச் சேலை, ராமர் பச்சை. எண்ணிப் பார்த்தால் ஏழு.

"ஏழுதாம்மா கீது. கடைல ஸ்டாக் இல்லையாம். புதுசா வந்த பொண்ணு ஒதுங்கிக்கட்டும்," என்றார் அக்கா.

அந்தப் பெண் முகம் மாறாமல், "பரவால்லக்கா. நான் பாட்டு போட்டுக்கினு ஓரமா நிக்கிறேன்," என்றாள்.

எனக்குச் சுருக்கென்றது. "இன்னாக்கா பேசுற? ஆட்டத்தைக் கட்டினதே அவதான். அதே துணியில வெள்ளை இருந்தா வாங்கிக் குடு. நான் சாயம் போட்டு எடுத்தாரேன்."

"ஊட்ல போட்ட சாயம் ஊட்ல போட்ட மாரியேதான் தெரியும்," என்று சிரித்தார் அக்கா. ஆனாலும் வெள்ளைச் சேலை வந்து சேர்ந்தது.

ஞாயிற்றுக்கிழமை காலை, கவரைப்பேட்டையில் எங்கள் வீட்டுப் பின்கட்டில் அடுப்பைக் கூட்டினேன். வெள்ளைச் சேலையைக் கஞ்சி போக அலசி ஊற வைத்தேன். அதன் ரவிக்கைத் துண்டைக் கீறி, சோதித்துப் பார்க்கச் சின்னச் சின்னப் பட்டைகளாக வெட்டிக்கொண்டேன். ரவிக்கை எல்லோருக்கும் மஞ்சள் என்பதால் அது தேவைப்படவில்லை.

முதல் பட்டை கிளிப்பச்சையாக வந்தது. நீலம் கூட்டினேன். மூன்றாவது, அயர்ன் போட்டுக் காய்ந்ததும், ட்யூப்லைட்டுக்கு அடியில், மாதிரிக்கு எடுத்து வந்திருந்த கடைச் சேலையோடு அப்படியே ஒத்துப்போயிற்று. மாடிக்கு ஓடி வெயிலில் பிடித்தேன். நீலம் தனியாகத் துருத்திக்கொண்டு நின்றது. தொழிற்சாலையில் ட்யூப்லைட்டை நம்பி ஒப்புதல் கொடுத்து, லாரியோடு சரக்கு திரும்பி வந்த நாளை நான் மறக்கவில்லை. மறுபடி கலந்தேன். கொஞ்சம் மஞ்சள். பளபளப்பை அடக்க, ஊசி முனையளவு கறுப்பு. ஆறாவது பட்டை வெயிலிலும் நிழலிலும் மாறாமல் நின்றது. கலந்த அளவைக் காலண்டர் தாளின் பின்பக்கம் எழுதிக்கொண்டேன்.

ஷிப்டு முடிந்து வந்த கணவர் வாசலிலேயே நின்றுவிட்டார். "ஊடு பூரா பச்சையாக் கீதே. நாஷ்டாவும் பச்சைதானா?"

"நாஷ்டா அப்புறம். இந்தக் கட்டையப் புடி. கிண்டறத நிறுத்தினா திட்டுத் திட்டாயிடும்."

வெந்நீர் அண்டாவில் உப்பும் சாயமும் கொதிக்க, நனைந்த சேலையை உள்ளே விட்டு இருவரும் மாறி மாறிக் கிண்டினோம். முக்கால் மணி நேரம். பிறகு தண்ணீர் தெளியும்வரை அலசி நிழலில் கட்டினோம். பாதி காய்ந்தபோது மேல்பக்கம் ஒரு நிறம், கீழ்ப்பக்கம் ஒரு நிறம். பக்கத்தில் நிற்கவே முடியாமல் உள்ளே போய் உட்கார்ந்துவிட்டேன்.

கொஞ்ச நேரத்தில் கணவர் கூப்பிட்டார். "வந்து பாரு, பேஜாரு ஒண்ணும் இல்ல."

முழுதும் காய்ந்திருந்தது. முந்தானையிலிருந்து அடிவரை ஒரே பச்சை.

மறுநாள் கேன்டீனில் எட்டுச் சேலைகளையும் கலந்து அடுக்கி, "எதுன்னு சொல்லுக்கா," என்றேன். அக்கா ஒவ்வொன்றையும் ஜன்னலுக்குக் கொண்டுபோய்த் திருப்பித் திருப்பிப் பார்த்தார். ஒன்றை உருவினார். கடைச் சேலை. இன்னொன்று. அதுவும் கடைச் சேலை. சுற்றி நின்றவர்கள் போட்ட சத்தத்தில் சமையல்காரர் வெளியே வந்துவிட்டார்.

"தோத்துட்டேம்மா. நீயே காட்டு," என்று அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டார். நான் எடுத்துக் கொடுத்தேன். அவரே அதைக் குப்பத்துப் பெண்ணின் தோளில் போட்டுவிட்டார்.

"நடுவுல நீ நில்லும்மா," என்றார்.

விழாவன்று அவள் நடுவில் நின்று முதல் அடியைப் பாடினாள். நாங்கள் ஏழு பேரும் சுற்றி வந்து வாங்கிப் பாடினோம். முடிந்தபோது கீழே இருந்த ஆண்கள் எழுந்து நின்று, "இன்னொரு தபா! இன்னொரு தபா!" என்று கத்தினார்கள். அவள் மூச்சு வாங்கச் சிரித்துக்கொண்டே என்னைத் திரும்பிப் பார்த்தாள். நான் தலையாட்டினேன். மறுபடியும் முதலிலிருந்து ஆடினோம்.