இரண்டு அகராதிகளின் கீழ்

என் அக்கா பிழைதிருத்துகிறவள். பாடப்புத்தகமோ சட்டப்புத்தகமோ, அச்சுக்குப் போகுமுன் அவள் கண்ணில் பட்டாக வேண்டும். ஒரு புள்ளி விட்டுப்போயிருந்தால் பத்தடி தள்ளி நின்றே மூக்கைச் சுளிப்பாள். வீட்டு விசேஷத்துக்கு அழைப்பிதழ் கொடுத்தால், சந்தோஷம் என்று சொல்வதற்கு முன் மூன்றாவது வரியில் ஒற்று மிகாது என்பாள். சொந்தக்காரர்களில் பாதிப்பேர் அதனாலேயே அவளுக்கு அழைப்பு வைப்பதில்லை.

அப்படிப்பட்டவள் தலையில் என் பழைய லேப்டாப்பைக் கட்டியது நான்தான். புதிது வாங்கியபிறகு அது எனக்கு இடைஞ்சல். எட்டு வருஷம் உழைத்த சாமான். "நல்லாத்தான்க்கா ஓடுது. கொஞ்சம் சுடும், அவ்வளவுதான்" என்று வாய்கூசாமல் சொன்னேன்.

கொஞ்சமா சுட்டது? மடியில் வைத்தால் தோசைக்கல். அவள் அதை முட்டை அட்டையின் மேல் ஏற்றி வைத்தாள், அடியில் காற்றுப் போகட்டும் என்று. அப்பாவுக்கு ஓடிக்கொண்டிருந்த மேசை விசிறியையும் அதன் பக்கம் திருப்பிவிட்டாள்.

அப்பா அதே அறையில்தான் கிடந்தார். பக்கவாதத்தில் வலப்பக்கமும் பேச்சும் போய் மூன்று வருஷம். இடது கையில் ஒரு கரண்டி வைத்திருப்பார். கட்டில் கம்பியில் ஒரு தட்டுத் தட்டினால் தண்ணீர், இரண்டு தட்டினால் புரட்டிப் படுக்க வைக்கவேண்டும். அதோடு விடுவாரா? ஜன்னலில் பூனை வந்தாலும் தட்டுவார், பூனை போனாலும் தட்டுவார்.

"அப்பாவுக்கு இந்த லேப்டாப்பைக் கண்டாலே ஆகலடா. கரண்டியால அதையே காட்டிக் காட்டித் தட்டுறாரு" என்றாள் ஒருநாள்.

"அவர் விசிறியைப் பிடுங்கிட்டேல்ல, அந்தக் கோபம்" என்று சிரித்தேன்.

போன மாதம் ஒரு படம் அனுப்பினாள். கீபோர்டு நடுவில் மேடாக எழும்பியிருந்தது. மூடினால் மூடவில்லையாம். பேட்டரி ஊதியிருக்கிறது என்று பார்த்தவுடனேயே எனக்குத் தெரிந்திருக்கவேண்டும். நான் அவசரத்தில் இருந்தேன். 'ஞாயித்துக்கிழமை வந்து பார்க்கிறேன்' என்று எழுதிவிட்டு மறந்தேன். ஞாயிறு வந்தது, போனது.

செவ்வாய்க்கிழமை காலை பதினொரு மணிக்கு அக்கா கூப்பிட்டாள். வீட்டுக்குப் பின்னால் துணி துவைத்துக்கொண்டே பேசினாள்.

"உன்னை நம்பினா ஆகுமா? நானே சரி பண்ணிட்டேன். ஈரத்துல வளைஞ்ச புத்தக அட்டையை அகராதிக்கு அடியில வெச்சா நேராகிடும்ல? அதே வைத்தியம்தான். ரெண்டு தொகுதியையும் மேல ஏத்தியிருக்கேன். மேசை பூரா தாள், அதனால அப்பா கட்டிலுக்கு அடியில வெச்சிருக்கேன். சார்ஜும் ஏறட்டும்."

"உன் மூளையே மூளைக்கா" என்றேன். சத்தியமாக அப்படித்தான் சொன்னேன்.

பிறகு என் மேனேஜரைத் திட்டத் தொடங்கினேன். நடுவில் டங் டங் என்று கேட்டது.

"அப்பா தட்டுறாரு. போய்ப் பார்த்துட்டு வந்துடறேன்."

"இப்பத்தானே பார்த்தே? அவர் எப்பவும் தட்டுறவர்தான். உனக்கும் அஞ்சு நிமிஷம் வேணாமா? நில்லுக்கா, முக்கியமான இடத்துக்கு வரேன்."

நின்றாள். தட்டல் வேகமானது. ஒன்று, இரண்டு என்ற கணக்கெல்லாம் அதில் இல்லை. எனக்கு எரிச்சல் வந்தது. குரலை உயர்த்திக்கொண்டு மேனேஜர் சொன்னதை முழுக்கச் சொல்லி முடித்தேன். அப்போது தட்டல் நின்றது.

"பாத்தியா? தானா நின்னுடுச்சு. நான் சொன்னேன்ல" என்றேன்.

"என்னமோ வாசனை வருதுடா" என்றாள் அக்கா. அடுத்து போன் தரையில் விழுந்த சத்தம். அப்புறம் அவள் "அப்பா, அப்பா" என்று கத்தியது தூரத்தில் கேட்டது.

பேட்டரி வெடித்து மெத்தை முழுக்கப் பற்றுவதற்குள் புகையே அவரைக் கொண்டுபோய்விட்டது என்றார் டாக்டர். கரண்டி கையிலேயே இருந்ததாம்.

நான் போய்ச் சேர்ந்தபோது வீடு நிறையச் சொந்தக்காரர்கள். அக்காவின் இரண்டு கையிலும் கட்டு.

"ஏம்மா, அவர் தட்டியிருப்பாரே. உனக்குக் கேக்கவே இல்லையா?" என்று சித்தப்பா கேட்டார்.

அக்கா தலை நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். பிறகு அவர் பக்கம் திரும்பினாள்.

"இல்ல சித்தப்பா. பின்னாடி தனியாத் துணி துவைச்சிட்டு இருந்தேன். தண்ணிச் சத்தத்துல கேக்கல."

எல்லோரும் அவளையே பார்த்தார்கள். நான் வாயைத் திறக்கவில்லை.