பொட்டு ஒட்டிய கார்டு

எங்கள் எஸ்டேட் பஸ்ஸில் கூட்டமிருந்தால் கண்டக்டர் பின்னால் வரமாட்டார். பணம் ஏற்றிய கார்டுகளைக் கைமாற்றி முன்னால் அனுப்புவோம். அவர் மெஷினில் வைத்தெடுத்து, டிக்கெட்டோடு திருப்பி அனுப்புவார். கார்டு மாறிவிடக் கூடாதென்று என் மனைவி தன்னுடையதில் மெரூன் பொட்டு ஒன்றை ஒட்டியிருந்தாள்.

அவள் இறந்தபின் வீட்டில் எவ்வளவு தேடியும் அந்தக் கார்டு கிடைக்கவில்லை. சில வாரங்களில், அது பயன்படுத்தப்பட்டதாக என் போனுக்குக் காலைதோறும் மெசேஜ் வர ஆரம்பித்தது. செத்தவள் கார்டில் எவனோ ஓசியில் போகிறான் என்று எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அவனைக் கையும் களவுமாகப் பிடிக்க, ஒருநாள் அதே பஸ்ஸில் ஏறிக் கடைசி சீட்டில் ஜன்னலோரம் உட்கார்ந்தேன். என் கார்டைக்கூட இன்னும் வெளியே எடுக்கவில்லை.

குன்னூர் ரோட்டில் பனிமூட்டத்துக்குள் பஸ் திரும்பியபோது போன் அதிர்ந்தது. மெசேஜ்.

முன்னாலிருந்து ஒரு கார்டு கைமாறிக் கைமாறிப் பின்னால் வந்தது. மூலையில் மெரூன் பொட்டு. பக்கத்துப் பெண் அதை வாங்கி, போனிலிருந்து கண்ணை எடுக்காமல் என்னிடம் நீட்டினாள்.

“ஏனுங்க, ஓரத்துல இருக்கற அக்காகிட்ட குடுத்துருங்க.”

எனக்கு அந்தப் பக்கம் மூடிய ஜன்னல் மட்டும்தான் இருந்தது.