குறுக்கே கிடந்த நாற்காலி

கடைத்தெருவில் அவரை விசில்காரர் என்றுதான் சொல்வார்கள். குக்கர் விசில், ரப்பர் வளையம், கைப்பிடி, அடுப்பு பர்னர் என்று எல்லாம் விற்றாலும் விசில்தான் பேரோடு ஒட்டிக்கொண்டது. நேர் எதிரே அதே சாமான்களை விற்றவர் ரப்பர்காரர். நடுவில் ஒரு தள்ளுவண்டி போகிற அளவுக்குத்தான் தெரு. ஒருவர் தும்மினால் மற்றவருக்குக் கேட்கும்.

கேட்டாலும் பேசிக்கொள்ள மாட்டார்கள். எப்போதோ ஒருமுறை, எதிர்க்கடை ரப்பர் சீக்கிரம் இளகிவிடும் என்று விசில்காரர் விளையாட்டாக ஒரு பெண்மணியிடம் சொல்லப்போக, அது கைகால் முளைத்து எதிர்ப்பக்கம் போய்ச் சேர்ந்தது. நாலு அடி நடந்துபோய் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் தீர்ந்திருக்கும். இவரா இறங்கிப் போவார்? அப்படியொரு வீம்பு. அவரும் முறைத்தார், இவரும் முறைத்தார், வருஷங்கள் ஓடிவிட்டன.

ஆனால் ஒரு வழக்கம் மட்டும் அறுபடவில்லை. மதியம் சாப்பிடப் போகிறவர் ஷட்டரை இறக்குவதில்லை. நாற்காலியை வாசலில் குறுக்கே போட்டுவிட்டு, எதிரே ஒரு பார்வை பார்த்துவிட்டுப் போவார். அவர் திரும்பி வந்து நாற்காலியை எடுக்கிறவரை மற்றவர் தன் இடத்தை விட்டு அசையக் கூடாது. யாராவது வந்தால் இருக்கச் சொல்ல வேண்டும். தன் கடைக்கு இழுத்துவிடக் கூடாது. முகம் கொடுத்துப் பேசாத காலத்திலும் இதில் இருவரும் ஒருநாள் தவறியதில்லை.

ஆன்லைனில் கடை போடச் சொல்லி விசில்காரரின் மகள் போனில் நச்சரித்துக்கொண்டே இருந்தாள். அவள் கல்யாணமாகித் தொலைவில் இருக்கிறாள். வியாபாரிகள் சங்கத்திலும் ஒரு கூட்டம் போட்டு, டை கட்டிய ஒருவர் படம் காட்டிப் பேசினார். செலவு குறைவு, வாடிக்கை பெருகும் என்றார். விசில்காரர் டீயைக் குடித்துவிட்டு எழுந்து வந்துவிட்டார். மூடியைக் கையில் வாங்கிப் பார்க்காமல் ரப்பர் கொடுப்பதில்லை என்பது அவர் சட்டம். போனுக்குள் மூடியை எப்படி நீட்டுவார்கள்?

அப்புறம் ஒருநாள் எதிரே ஷட்டர் திறக்கவில்லை. ரப்பர்காரரை அவர் மகன் ஊருக்கு வெளியே இருந்த தன் வீட்டுக்கு அழைத்துப் போய்விட்டான், இனி வியாபாரமெல்லாம் வீட்டிலிருந்தே ஆன்லைனில்தான் என்று டீக்கடையில் சொன்னார்கள். மொத்த வியாபாரமும் இனி தனக்குத்தான் என்று விசில்காரர் கொஞ்சம் நிமிர்ந்துதான் உட்கார்ந்தார். நடந்தது வேறு. அங்கே ஒரு விலை, இங்கே ஒரு விலை கேட்டுப் பார்க்கலாம் என்றுதான் ஜனங்கள் அந்தத் தெருவுக்கே வந்திருக்கிறார்கள். ஒற்றைக் கடைக்கு யார் மெனக்கெடுவார்கள்?

வியாபாரம் படுத்ததைக்கூடத் தாங்கிக்கொண்டார். மதிய நேரத்தைத்தான் தாங்க முடியவில்லை. ஷட்டரை இறக்கிப் பூட்டிவிட்டு வீட்டுக்குப் போனால், மனைவி இல்லாத சமையலறையில் காலையில் வைத்தது ஆறிக் கிடக்கும். நின்றபடியே தின்றுவிட்டு வருவார். வந்து உட்கார்ந்தால் எதிரே மூடின ஷட்டர். முறைக்கக்கூட ஆளில்லாமல் போனால் மனுஷன் என்னதான் செய்வான்?

சிறு வியாபாரி ஆன்லைனுக்கு ஏன் வருகிறான் என்பதற்குப் படித்தவர்கள் ஆயிரம் காரணம் சொல்லட்டும். விசில்காரர் வந்தது எதிர்க்கடை எங்கே போனதென்று பார்க்கத்தான். மகளோ தன் பேச்சு பலித்துவிட்டது என்று பூரித்துப்போய், போனிலேயே எல்லாம் சொல்லிக்கொடுத்தாள்.

முதல் ரப்பருக்குக் கீழே, "வாங்குமுன் மூடியைக் கொண்டு வந்து காட்டவும்" என்று எழுதிவைத்தார். மகள் தலையில் அடித்துக்கொண்டு அதை எடுத்துவிட்டாள். பிறகு, மூடியின் உள்விளிம்பில் நூலை வைத்து அளந்து சொல்லச் சொன்னார். அது பிடித்துக்கொண்டது. ஆர்டர்கள் வர ஆரம்பித்தன.

அவர் தேடியதும் கிடைத்தது. அவருடைய விசிலுக்குப் பக்கத்திலேயே, இதே போன்ற பொருட்கள் என்ற தலைப்பின் கீழ், ரப்பர்காரரின் விசில் உட்கார்ந்திருந்தது. விலை ஒரு படி குறைவு. விசில்காரர் இன்னும் குறைத்தார். மறுநாள் பார்த்தால் அந்தப் பக்கமும் இறங்கியிருந்தது. அன்று அவர் கல்லாவில் உட்கார்ந்து தனியாகச் சிரித்ததைத் தெருவில் போனவர்கள் ஒரு மாதிரியாகப் பார்த்தார்கள். நஷ்டத்துக்கு வியாபாரம் செய்து சந்தோஷப்பட்டவர் அவராகத்தான் இருக்கும்.

கொஞ்ச நாளில் அந்தப் பக்கம் விலை அசையாமல் நின்றுவிட்டது. கடையின் முகப்புப் படமும் மாறியிருந்தது. ஏதோ ஒரு வீட்டு அறை வாசல். குறுக்கே ஒரு கை ஒடிந்த மர நாற்காலி. அந்த நாற்காலியை விசில்காரருக்குத் தெரியாதா? பாதி ஆயுள் அதைப் பார்த்துக்கொண்டுதான் உட்கார்ந்திருந்தார்.

பொருட்களுக்குக் கீழே வாங்குகிறவர்கள் கேட்ட கேள்விகள் பதிலில்லாமல் கிடந்தன. யார் வேண்டுமானாலும் பதில் எழுதலாம் என்று இருந்தது. விசில்காரர் எழுதத் தொடங்கினார். நூலால் அளக்கிற விதம், எந்த மூடிக்கு எந்த வளையம், எல்லாம் சொன்னார். தன் கடைப் பக்கம் வாருங்கள் என்று ஒரு வார்த்தை எழுதவில்லை. "நல்ல சரக்கு. நம்பி வாங்கலாம். கடைக்காரர் வெளியே போயிருக்கிறார், வந்துவிடுவார்" என்று ஒவ்வொன்றின் முடிவிலும் எழுதினார். அன்றைக்குச் சொல்லாமல் விட்ட வார்த்தை அப்படி வந்து சேர்ந்தது.

கடைசியில் ஒரு பெண்மணி தன் பார்சல் எங்கே என்று கேட்டிருந்தாள். அதற்கு அவரால் பதில் சொல்ல முடியாது. போனில் எப்போதும் இருந்த, ஒருமுறையும் கூப்பிடாத ரப்பர்காரரின் எண்ணை அன்று கூப்பிட்டார். எடுத்தது அவருடைய மருமகள். எதிர்க்கடையிலிருந்து பேசுவதாகச் சொன்னதும் அவளுக்குப் புரிந்துவிட்டது. மாமா தவறிப் போய் ஒரு வாரமாகிறது, பக்கவாதம் வந்து முதலில் பேச்சுதான் போனது என்றாள்.

அவளே மெதுவாகச் சொன்னாள்.

"ஆஸ்பத்திரிக்குக் கிளம்பறப்ப நாற்காலிப் பக்கம் கையக் காட்டிக்கிட்டே இருந்தாரு. குறுக்கப் போட்டு போட்டோ எடுத்து கடை முகப்புல வெச்ச பிறகுதான் கிளம்பினாரு. எதுக்குன்னு எங்களுக்கு ஒண்ணும் புரியல. நீங்க எழுதற பதிலையெல்லாம் தினமும் படிச்சுக் காட்டச் சொல்லி சைகை காட்டுவாரு. கேட்டுட்டுச் சிரிப்பாரு. ஒண்ணுக்கு மட்டும் தலைய ஆட்டினாரு, அளவு தப்புன்னு."

"எது?" என்றார் விசில்காரர்.

அவளுக்கு நினைவில்லை. பார்சலை அன்றைக்கே அனுப்பிவிடுவதாகச் சொன்னாள். கடையை இனி மூடிவிடலாம் என்று வீட்டில் பேசிக்கொண்டிருப்பதாகவும் சொன்னாள்.

"இருக்கட்டும்மா," என்றார் அவர். "நான் பாத்துக்கறேன். நாற்காலி இன்னும் குறுக்கதானே கிடக்கு."

போனை வைத்தபோது சாப்பாட்டு நேரம் தாண்டியிருந்தது. விசில்காரர் ஷட்டரை இறக்கவில்லை. தன் நாற்காலியை இழுத்து வாசலில் குறுக்கே போட்டார். எதிரே மூடிக்கிடந்த ஷட்டரை ஒரு பார்வை பார்த்துவிட்டு, சாப்பிடப் போனார்.