ஒரு பெட்டிக்கு ஒரு குவளை

சாலைக் கடைத்தெருவில் எங்கள் கம்பெனியில் இசக்கியைப் போல வாழையிலை கட்டத் தெரிந்தவன் வேறு ஒருத்தன் இல்லை. இதை அவன் முகத்துக்கு நேரே நான் சொன்னதில்லை. சொன்னால் தலையில் ஏறி உட்கார்ந்துகொள்வான். நான் பாகீரதி, வலியசாலை அக்கிரகாரத்துக்காரி. கம்பெனியில் இருபத்திரண்டு வருஷமாக ஏற்றுமதிக் காகிதங்களை டைப் அடிக்கிறேன். அவன் மலைக்கு அந்தப் பக்கம், சுரண்டைக்காரன். இருபத்தொன்பது வயது, கல்யாணமாகி ஒன்றரை வருஷம்.

வளைகுடாவில் இருக்கிற மலையாளிகளுக்கு ஓணச் சாப்பாட்டு இலை இங்கிருந்துதான் விமானத்தில் போகும். வழியில் வாடிவிடக் கூடாதே என்று எங்கள் ஷெட்டில் ஒரு பழக்கம் வைத்திருந்தோம். பெட்டியை எடை போட்டு, சீட்டு ஒட்டி, லாரியில் ஏற்றுவதற்கு முன் மூடியைத் தூக்கி, இலைமேல் விரித்த சாக்கில் ஒரு குவளைத் தண்ணீர் விடுவான் இசக்கி. சாக்கு அப்படியே குடித்துவிடும், ஒரு சொட்டு வெளியே வராது. அந்தத் தண்ணீரின் எடை சீட்டில் இருக்காது. முதலாளிக்கும் தெரியும், எனக்கும் தெரியும். யாரும் அதைப் பெரிசாக எடுத்துக்கொண்டதில்லை.

இந்த வருஷம் ஓணத்துக்கு நாலு நாள் முன்பு, எங்கள் இலையை ஏற்றிப் போன சரக்கு விமானம் அங்கே தரையிறங்கப் போகும்போது விழுந்துவிட்டது. ஓடுபாதை கண்ணுக்குத் தெரிகிற தூரம்தான். உள்ளே மூன்று பேர், மூன்று பேரும் போய்விட்டார்கள். சரக்கின் எடையும் ஒரு காரணமா என்று பார்க்கிறார்கள் என டிவியில் ஒரு வரி சொன்னார்கள். அன்றைக்குத்தான் சுரண்டையில் இசக்கிக்குப் பெண் குழந்தை பிறந்தது.

பதினாலாம் நாள் அவன் மனைவி உலகம்மாள் எனக்கு போன் போட்டாள்.

"யக்கா, அங்கன வேற எவளையும் வச்சிருக்காரா? உள்ளதச் சொல்லுங்க. புள்ள மொகத்தப் பாக்க இன்னும் வரல. கேட்டா வேலைங்காரு."

எனக்கு வந்ததே கோபம்! நேரே ஷெட்டுக்குப் போனேன். தாடியும் அழுக்குமாக, பொட்டணச் சோற்றைப் பிரிக்காமல் உட்கார்ந்திருந்தான்.

"ஏண்டா, பெத்த பொண்ணைப் பாக்கப் போக நோக்கு என்னடா கேடு?" என்று கத்தினேன்.

அவன் இரண்டு கைகளையும் விரித்துக் காட்டினான். "சேச்சி, இந்தக் கையில மூணு பேரு சாவு இருக்கு. இத வச்சுப் பச்சப்புள்ளைய எப்பிடித் தூக்க? ஒரு குவள அர லிட்டரு. அன்னைக்கு ஆயிரத்து இருநூறு பெட்டி. அறுநூறு கிலோ தண்ணி, சேச்சி. ஒங்க காயிதத்துல அது இல்லல்லா?"

காகிதத்தில் இல்லைதான். ஆனால் பதில் கையிலேயே இருந்தது. "அசடே! ஏர்போர்ட்ல எல்லாத்தையும் மறுபடி எடை போடுவாடா. அந்த எடைதான் விமானத்துக்கு."

"என்னையத் தேத்துதீய" என்றான். ஷெட்டைத் தாண்டி ஏர்போர்ட்டுக்கு ஒரு நாளும் போகாதவன். அவனுக்குத் தெரிந்தது எங்கள் தராசும் எங்கள் சீட்டும்தான்.

மறுநாள் பாஸ் வாங்கி, லாரியிலேயே அவனைச் சரக்கு முனையத்துக்கு இழுத்துப் போனேன். அங்கே தரையோடு தரையாக ஒரு பெரிய எடைமேடை. எடை போடுகிற ரெஜி எனக்குப் பழக்கம். "எந்தா சேச்சி, சம்சயமா?" என்று சிரித்தான். விஷயத்தைச் சொன்னதும் சிரிப்பை நிறுத்தினான். "சீட்டு என்ன வேணேலும் சொல்லட்டும், அண்ணா. ப்ளெயினுக்குப் போறது ஈ நம்பர் ஆணு" என்று மேடைப் பக்கத்து எண்பலகையைத் தொட்டுக் காட்டினான்.

இசக்கி நம்பவில்லை. பெட்டிகள் ஏறி நின்ற மேடையையே பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு மூலையில் இருந்த குடிதண்ணீர் கேனைத் தூக்கி வந்து, அந்தப் பெட்டிகள் மேல் வைத்தான். நம்பரில் இருபது கிலோ கூடியது. எடுத்தான், குறைந்தது. மறுபடி வைத்தான். மூன்றாம் தடவை கேனைக் கட்டிக்கொண்டு அப்படியே உட்கார்ந்துவிட்டான். அழுகையா அது! ரெஜி திரும்பி நின்றுகொண்டான்.

"போதும், எழுந்திரு. தம்பானூர்ல பஸ் இருக்கு. இப்பவே ஊருக்குப் போ" என்றேன்.

"நாளைக்கு அவங்களுக்குப் பதினாறு, சேச்சி. முடிச்சுட்டுப் போறேன்."

"உன் கையால போகலைன்னுதான் தெரிஞ்சுடுத்தே?"

"அதுக்காவ இன்னைக்கு அவங்கள விட்டுரவா? இத்தன நா எங்கூடல்லா இருந்தாங்க."

எனக்குச் சுருக்கென்றது. அந்த விமானத்தின் நம்பரை நூறு தடவையாவது டைப் அடித்திருப்பேன். உள்ளே ஆள் இருக்கிறது என்று ஒரு நாளாவது நினைத்தேனா?

காலையில் சங்குமுகம் கடற்கரைக்கு நானும் போனேன். தாடி எடுத்து, தலை முழுகி, ஈரவேட்டியோடு உட்கார்ந்திருந்தான். பலித் தர்ப்பணம் செய்து வைப்பவர் பேர் கேட்டார். பேப்பரில் பார்த்து மனப்பாடம் செய்ததைத் தட்டுத்தடுமாறிச் சொன்னான்: "யூரி. ஒலெக். விக்தர்."

"நட்சத்திரம்?"

"தெரியாது சாமி."

அவர் நிமிர்ந்து பார்த்தார். "உனக்கு ஆரு இவங்க?"

"சொந்தமில்ல சாமி. எங்க எலையக் கொண்டுட்டுப் போனவங்க."

அவர் மூன்று பிண்டம் உருட்டி இலையில் வைத்தார். எங்கள் தெருவில் பெண்கள் இதையெல்லாம் செய்வது வழக்கமில்லை. போகட்டும் என்று நானும் எள்ளுக்குக் கை நீட்டினேன்.

விமானம் ஏன் விழுந்தது என்று இன்னும் யாரும் சொல்லவில்லை. இசக்கி அன்றைக்கே பஸ் ஏறினான். ராத்திரி சாப்பிட்டுக் கை கழுவும்போது உலகம்மாள் போன்.

"யக்கா, இந்த மனுசன என்ன செய்யன்னே தெரியல. வந்ததுலேருந்து புள்ளையக் கீழ எறக்க மாட்டேங்காரு. பாலு குடுக்கணும், எங்கிட்டத் தாரும்னா, இன்னுங் கொஞ்ச நேரங்காரு. நீங்களாவது சொல்லுங்கக்கா."

"நாளைக்குச் சொல்றேண்டி" என்று போனை வைத்தேன். கொஞ்ச நேரம் அவனே வைத்திருக்கட்டும்.