மஞ்சள் கானும் பச்சைப் பேசினும்

உருகிய பிளாஸ்டிக்கின் மணம் ஒருமுறை மூக்கில் ஏறினால் இறங்காது. இப்போதும் யாராவது வளவில் குப்பை எரித்தால், இணுவிலில் நான் வேலை செய்த அந்தக் கொட்டில் முன்னால் வந்து நிற்கிறது.

தொண்ணூறுக்குப் பிறகு, சண்டையில் பாதை பூட்டி, யாழ்ப்பாணத்துக்கு வெளியிலிருந்து சாமான் வராத காலம் அது. வாளி உடைந்தால் புது வாளி கிடையாது, உடைந்ததை உருக்கித்தான் வார்க்க வேண்டும். ஒரு தோட்டக்காரர் தன் புகையிலைக் கொட்டிலுக்குள் பெரிய அடுப்பு ஒன்று கட்டி, இரும்புத் திருகு அச்சு ஒன்றும் பூட்டியிருந்தார். முதலாளி என்று கூப்பிட்டால் கோபிப்பார். "ஓட்டைச் சட்டியும் உடைஞ்ச வாளியும் வைச்சிருக்கிறவன் முதலாளியே? அண்ணை எண்டு சொன்னாக் காணும்" என்பார். நான் பட்டணத்தில் ஒரு பெயின்ற் கடையில் நிறம் கலந்துகொண்டிருந்தவன். செல் குண்டு விழுந்து கடையைச் சரித்துப்போட்டது. நிறம் தெரிந்தவன் என்று அண்ணை என்னைக் கூப்பிட்டார்.

சாமான்களைத் தரம் பிரிக்க ஓர் அக்கா இருந்தார். காங்கேசன்துறைக்குக் கிட்ட உள்ள ஊர்க்காரர். ஆமி வர, அந்த ஊர்ச் சனம் முழுவதும் ஒரே நாளில் எழும்பி ஓடிவந்தது. வந்த மறுநாள் விடிய அவருடைய கணவர், "மாட்டை அவிட்டுவிட்டிட்டு, எங்கடை கிணத்திலை ஒரு கான் தண்ணியும் அள்ளிக்கொண்டு வாறன், உந்தத் தண்ணி பிள்ளையளுக்கு ஒத்துவரேல்லை" என்று சொல்லி, சைக்கிளில் மஞ்சள் பிளாஸ்டிக் கானைக் கொழுவிக்கொண்டு போனார். போனவர் போனவர்தான். ஆள் இருக்கிறார் என்றும் ஒருவரும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை.

அக்கா பெரிய குங்குமப் பொட்டு வைப்பார். "சனம் என்ரை முகத்தைப் பாக்கிறேல்லைத் தம்பி, நெத்தியைத்தான் பாக்குது" என்பார். மாமியார் ஒருநாள், "பொட்டை எண்டாலும் கொஞ்சம் சின்னனாக்கன் பிள்ளை" என்று வாய்விட்டே கேட்டுவிட்டாராம். "நீங்கள் பெத்த பிள்ளை. நீங்களே முதல் கைவிட்டா எப்பிடி மாமி?" என்று இவர் திருப்பிக் கேட்டிருக்கிறார். அதோடு அந்தக் கதை நின்றது. ஆனால் பேச்சு நின்றதே தவிர பார்வை நிற்கவில்லை.

எங்களுக்குப் பழைய பிளாஸ்டிக் வந்ததும் அக்காவின் ஊர்ப் பக்கத்திலிருந்துதான். சனம் இல்லாத ஊர்களின் விளிம்பு வரை போய்ச் சைக்கிள்காரர்கள் சாக்குச் சாக்காக அள்ளிவருவார்கள். அவிழ்த்தால் அந்த வீடுகள் வந்து மடியில் விழுந்தது போலிருக்கும். சவர்க்காரம் ஒட்டியிருந்த சவர்க்காரப் பெட்டி, பல்லுப்பட்ட பேனா மூடி, குழந்தைகளின் மலச்சட்டி. அக்கா எந்தச் சாக்கை அவிழ்த்தாலும் முதலில் மஞ்சள் நிறத்தைத்தான் எடுத்து அடியைப் புரட்டிப் பார்ப்பார். தண்ணீர், எண்ணெய் வரிசைகளில் கான் மாறிப்போகாமல் இருக்க எங்கள் ஆட்கள் கம்பியைச் சூடாக்கி அடியில் அடையாளம் சுடுவார்கள். அக்கா வீட்டு அடையாளம் ஒரு வேல், பக்கத்தில் மூன்று பிள்ளைகளுக்காக மூன்று புள்ளி. எனக்கு அதைச் சாம்பலில் கீறியே காட்டியிருந்தார்.

கொட்டிலில் ஒரு சட்டம், நான் போட்ட சட்டம்: வெளிர்ச் சாமான் ஒன்றுகூடக் கறுப்புக் குவியலில் விழக்கூடாது. வெளிறலில்தான் நல்ல நிறம் எடுக்கலாம். ஒரு கறுப்புத் துண்டு ஒரு பானை வெள்ளையைக் கெடுக்கும், ஒரு பானை வெள்ளை ஒரு கறுப்புத் துண்டைத் திருத்தாது. வந்ததில் பாதிக்கு மேல் புகையும் வெயிலும் பட்ட கருமையான சாமான்தான். அதை உருக்கி வார்த்தால் தார் நிறத்தில் பேசின் வரும். ஒரு பெண்ணும் வாங்கமாட்டாள். "உதுக்குள்ளை அரிசி களையிறதோ? செத்தவீட்டுச் சாமான் மாதிரிக் கிடக்கு" என்று ஒருத்தி தட்டிப் பார்த்துவிட்டுப் போனாள்.

அண்ணை என்னைப் பார்த்தார். நானும் என் கெட்டித்தனத்தைக் காட்டினேன். தைப்பொங்கலுக்குச் சுவரையும் கிணற்றுக்கட்டையும் எதால் வெள்ளையாக்குகிறோம்? சுண்ணாம்பால். ஆகவே நீறின சுண்ணாம்பை அரித்து உருகலில் கொட்டிக் கிளறினேன். சுவருக்கு வெளியில் நின்று வெளுப்பாக்கும் சாமான் உருகலுக்குள்ளே போய்க் காணாமல் போய்விட்டது. அச்சைத் திறந்தால் சுடலைச் சாம்பல் நிறத்தில் ஒரு பேசின், தட்டினால் ஓடு மாதிரி வெடித்தது. "தம்பி, முந்தியது செத்தவீடு. இது எட்டாம் நாள் படையல், எட்டுச்செலவு" என்றார் அக்கா. நாங்கள் மூன்றுபேரும் சிரித்த சிரிப்பில் அடுப்பே அணைந்திருக்கும்.

பிறகுதான் எனக்குத் தரை ஞாபகம் வந்தது. வீட்டுச் சீமெந்துத் தரைக்குக் கலக்கும் சிவப்பு, பச்சை நிறப்பொடிகள். சீமெந்தே வராத ஊரில் அந்தப் பொடியை யார் வாங்கப்போகிறார்கள்? கடைகளில் சும்மா கிடந்தது. சூட்டில் கருகாத பொடி அது. கறுப்பை வெளிறாக்க ஏலாது, வேறொரு இருட்டுக்குத்தான் கொண்டுபோகலாம் என்று அப்போது விளங்கியது. பச்சையைக் கூடுதலாகப் போட்டால் முற்றின மாவிலை நிறம் வந்தது. சனம் வாங்கியது.

அப்படியிருக்க ஒருநாள் காலை அக்கா நிவாரண வரிசைக்குப் போயிருந்தார். புதுச் சாக்கை நான் அவிழ்த்தேன். வெயிலில் வெளிறின மஞ்சள் கான் ஒன்று, மூடி இறுக்கிப் பூட்டியபடி. அடியைப் புரட்டினேன். வேல். மூன்று புள்ளி.

ஆட்டிப் பார்த்தேன். உள்ளே தண்ணீர் சலசலத்தது.

என்ன நினைத்தேன் என்று இன்றைக்கும் ஒழுங்காகச் சொல்லத் தெரியவில்லை. அந்த நெற்றிதான் கண்ணுக்குள் நின்றது. ஆள் இல்லாமல் கான் மட்டும் வந்திருக்கிறது என்றால் சனம் என்ன சொல்லும், மாமியார் என்ன சொல்லுவார் என்று எனக்குத் தெரியும். மூடியைத் திறந்து ஊற்றினேன். பாசி பிடித்த தண்ணீர், அரைக் கான் இருக்கும். பிறகு கத்தியை எடுத்துக் கானைத் துண்டு துண்டாக வெட்டிக் கறுப்பு உருகலுக்குள் போட்டேன். மஞ்சள் ஒரு நிமிடம் மிதந்தது. கிளறக் கிளற அது போய்விட்டது. அவசரத்தில் பச்சைப்பொடி இரண்டு மடங்கு விழுந்தது. அன்று எட்டுப் பேசின் வார்த்தோம்.

மத்தியானம் அக்கா வந்து தன் பலகையில் உட்கார்ந்தார். கத்தியை எடுத்தார். அலகைத் திருப்பிப் பார்த்தார், கீழே பார்த்தார். பலகைக்கு அடியில் நகம் அளவு மஞ்சள் சிராய் இரண்டு கிடந்ததை நானும் அப்போதுதான் கண்டேன். வெளிர்க் குவியலில் மஞ்சள் ஒன்றும் புதிதாக இல்லை. என் சட்டம் அவருக்கு மனப்பாடம்.

அக்கா போகிற நேரம் அண்ணையிடம், "இண்டைக்கு வாத்ததிலை ஒண்டு எனக்கு வேணும்" என்றார்.

"முந்தநாள் வாத்தது இதைவிட வடிவு பிள்ளை. இது பச்சை கூடிப்போச்சு."

"இல்லை அண்ணை. இண்டையான்தான் வேணும்."

அவருக்குத் தெரிந்துவிட்டது என்று எனக்கும் தெரிந்துவிட்டது. அடுத்த நாள் அதே அளவுப் பொட்டோடு வந்தார். அதற்குப் பிறகு எந்தச் சாக்கிலும் மஞ்சளை அடி புரட்டிப் பார்க்கவில்லை. இரண்டு வருடத்துக்கு மேல் ஒரே கூரைக்குக் கீழே இருந்து ஊர்க்கதை எல்லாம் கதைத்தோம். அந்த ஒன்றை மட்டும் இரண்டுபேரும் தொடவில்லை.

தொண்ணூற்றைந்து மாரியில், ஆமி முன்னேற, வலிகாமச் சனம் முழுவதும் வெளிக்கிட்டது. நாவற்குழிப் பாலம் கடந்து மறுநாள் பகல் ஒரு வேலியோரம் நின்றேன். நாவரண்டு போய் மழையை வாயால் பிடித்துக்கொண்டிருந்த சனத்துக்குள் அக்காவைக் கண்டேன். பச்சைப் பேசினை இரண்டு கையாலும் மழைக்கு ஏந்திக்கொண்டு நின்றார். பிள்ளைகள் குடித்தார்கள், மாமியார் குடித்தார். என்னைக் கண்டதும், "வாரும் தம்பி, குடியும்" என்று நீட்டினார்.

நான் பேசினை வாங்கவில்லை. "அக்கா, அந்தக் கானுக்குள்ளை தண்ணி இருந்தது" என்றேன்.

அவர் பேசினை ஆடாமல் பிடித்துக்கொண்டிருந்தார். "எவ்வளவு?"

"அரைவாசி. மூடி இறுக்கிப் பூட்டியிருந்தது."

"அப்ப கிணத்தடிக்குப் போயிருக்கிறார்" என்றார். பேசினை இன்னும் கிட்ட நீட்டி, "அள்ளிக்கொண்டு திரும்பித்தான் வந்திருக்கிறார். குடியும், பிள்ளையளுக்கு இன்னும் பிடிக்க வேணும்."

குடித்தேன். அந்தத் தண்ணீரை எங்கே ஊற்றினீர் என்று மட்டும் அவர் கேட்கவில்லை. பிள்ளைகளுக்கென்று அந்த மனிதர் அள்ளின தண்ணீரை நான் அடுப்புச் சாம்பலில் ஊற்றினேன். சீறிக்கொண்டு ஒரு புகை எழும்பியது.