பக்கத்து மேசைக்காரியின் முதல் பிஸ்டல்

துப்பாக்கிக் கடைக்குப் பட்டுச்சேலை உடுத்திக்கொண்டு போன பெண் சுவிஸின் பீல் நகரத்திலே நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன். நவம்பர் மாதத்துச் சனிக்கிழமை அது. சேலைக்குள்ளே கம்பளிக் காலுறை, மேலே யாரோ உடுத்துக் கழித்த மண்ணிறக் கோட்டு. வாசலில் சப்பாத்தை மாட்டும்போது ஒரு யோசனை வந்தது. தாலிக்கொடியை வெளியே இழுத்துக் கோட்டுக்கு மேலே விட்டேன். என் கணவர் அதைப் பார்த்துவிட்டுக் கதவைப் பூட்டத் திரும்பினார். ஏதாவது சொல்லியிருந்தால் நன்றாக வாங்கிக் கட்டியிருப்பார்.

அவளுக்கு ஒரு பெயர் இருக்கிறது. நான் வீட்டில் அவளைப் பக்கத்து மேசைக்காரி என்றுதான் சொன்னேன், இங்கேயும் அப்படியே இருக்கட்டும். என் கணவர் மணிக்கூட்டுக்குச் சின்னச் சின்ன உதிரிப்பாகங்கள் செய்கிற பட்டறையில் வேலை செய்தார். அவருக்கு அடுத்த மேசை அவளுடையது. நாற்பது வயது, கணவனை விட்டுப் பிரிந்தவள், ஆண்பிள்ளை மாதிரி வெட்டிய தலைமயிர், அடுத்த தெருவுக்குக் கேட்கிற சிரிப்பு. எனக்கு அப்போது இருபத்தாறு, இடுப்புக்குக் கீழே தொங்குகிற பின்னல். ஆனாலும் அந்தச் சிரிப்புக்கு முன்னால் நான் ஒன்றுமில்லாதவளாகிவிடுவேன். ஏன் என்று கேட்டால் சொல்லத் தெரியாது. எரிச்சலுக்குக் காரணம் வேண்டுமா என்ன.

என்னோடு அவர் கதைப்பது சோறு, கறி, வாடகை, ஊரிலிருந்து வந்த கடிதம். அவளோடு நாள் முழுக்கக் கதைக்கிறார், அதுவும் எனக்கு விளங்காத டொய்ச்சில், இந்த ஊர் ஜெர்மன் மொழியில். எனக்குத் தெரிந்த டொய்ச் உருளைக்கிழங்கு வாங்கத்தான் காணும். வேலையால் வந்து சாப்பிட இருந்தால் அவள் அதைச் சொன்னாள், இதைக் காட்டினாள் என்று அவள் புராணம். கேட்டுக் கேட்டு எனக்குக் காது புளித்துப்போய், அவளை ஒருநாள் சாப்பிடக் கூட்டிக்கொண்டு வரச் சொன்னேன். ஆளைக் கண்ணால் பார்த்தால் மனம் ஆறும் என்று நினைத்தேன். வேலியில் போன ஓணானைப் பிடித்து மடியில் விட்ட கதைதான்.

வந்தாள். புட்டும் கோழிக்குழம்பும் வைத்திருந்தேன். கரண்டியை ஒதுக்கிவிட்டுக் கையால் சாப்பிட்டாள், யாரும் சொல்லிக்கொடுக்காமலே. அவளுக்கு எதிர்ச் சுவரில், சாமிப்படத்துக்குப் பக்கத்தில், என் அண்ணாவின் படம் தொங்கியது. சாப்பிட்டுக்கொண்டே அதைப் பார்த்து ஏதோ கேட்டாள். என் கணவர் பதில் சொன்னார். திரும்பவும் ஏதோ கேட்டாள். அவர் தலையை ஆட்டி இல்லை என்றார். என்ன சொல்கிறாள் என்று அவரைக் கேட்டேன்.

"கறி நல்லாயிருக்காம்."

என்னதான் இருந்தாலும் சமையலைப் புகழ்ந்தால் மனம் இளகும். இன்னும் கொஞ்சம் குழம்பு விட்டேன்.

கை கழுவிவிட்டு வந்து, பையிலிருந்து வழவழப்பான புத்தகங்களை எடுத்துச் சாப்பாட்டு மேசையில் பரப்பினாள். எல்லாம் பிஸ்டல் படங்கள். அவளுடைய அப்பா ஒரு சுடும் கழகத்தில் ஆயுள்காலம் முழுவதும் இருந்தவராம். ஞாயிற்றுக்கிழமைகளில் சுடுவார்கள். இலையுதிர் காலத்தில் கடைசிப் போட்டி முடிந்து, பரிசு கொடுத்து, விருந்தும் சாப்பிட்டபின், வருடக் கடைசியில் கூடுதலாகத் தருகிற பதின்மூன்றாவது சம்பளம் கைக்கு வருகிற நேரம் பார்த்து ஆளுக்கொன்று வாங்குவார்கள். தேவை என்று ஒன்றும் இல்லை. நாங்கள் தீபாவளிக்குச் சேலை எடுப்பதில்லையா, அப்படித்தான். பெட்டிக்குள் ஏழு கிடந்தாலும் எட்டாவது வேண்டும். போன வருடத்தது கொஞ்சம் பாரம், இந்த வருடத்தது கைக்கு இன்னும் இசைவு. இதுதான் கடைசி என்று பெண்சாதிக்குச் சொல்வதும் வருடத்துக்கு ஒரு தரம்தான். இதையெல்லாம் என் கணவர் எனக்கு மொழிபெயர்த்தார். அந்த வசந்தத்தில் அப்பா செத்துப்போக, அவருடைய பெட்டியைத் தம்பிமார் இருவரும் பங்கு போட்டுக்கொண்டார்கள், மகளுக்கு ஒன்றும் கிடைக்கவில்லை. இனித் தன் உழைப்பில் தன் முதலாவதை வாங்கப் போகிறாள். அந்த இடத்தில் எனக்கே அவள்மேல் கொஞ்சம் இரக்கம் வந்தது. அடுத்த வசனத்தோடு அது போய்விட்டது. தெரிவு செய்ய என் கணவர் கூட வரவேண்டுமாம்.

அவள் போனதும் கேட்டேன், கழகத்தில் ஆம்பிளைகளுக்குப் பஞ்சமா என்று.

"அங்க ஆளாளுக்குத் தங்கட சாமான்தான் திறம் எண்டுவினம்" என்றார். "எனக்கு உது விளங்கும் எண்டு அவவுக்குத் தெரியும்."

அவவாம். மரியாதையைப் பாருங்கள்.

இவருக்கு என்ன விளங்கும்? கோழி உரிக்கச் சொன்னால் முகத்தைத் திருப்புகிற மனிதர். ஓகஸ்ட் முதலாம் திகதி இந்த நாட்டுக்காரர் தங்கள் தேசிய நாளுக்கு வாணவேடிக்கை விடும்போது குளியலறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொள்பவர். கீழ்வீட்டுக்காரர் வருடத்துக்கொரு முறை சீருடை போட்டு, துவக்கைத் தோளில் கொழுவிக்கொண்டு பஸ்ஸில் ஏறுவார். முதல் தரம் கண்டபோது நான் மாடிப்படியிலேயே இருந்துவிட்டேன். அவர் சிரித்துக்கொண்டு "டீன்ஸ்ட், டீன்ஸ்ட்" என்றார். படைச்சேவைக்கு இங்கே அப்படித்தான் சொல்வார்கள், எல்லா ஆம்பிளைகளும் செய்கிறார்கள். என் கணவரோ அந்தத் துவக்கைக் கண்டால் மற்றப் பக்க நடைபாதைக்கு மாறிவிடுவார். இப்படிப்பட்டவர் ஒரு வெள்ளைக்காரிக்கு முன்னால் வீரனாக நிற்க ஆசைப்பட்டு அளந்திருக்கிறார் என்று முடிவு கட்டினேன். யாழ்ப்பாணத்து ஆள், சண்டை நடக்கிற நாடு, அவளும் நம்பியிருப்பாள்.

அவர் துவக்கைத் தொடாதவர் என்பதில் எனக்கு ஒரு துளிச் சந்தேகமும் இருக்கவில்லை. என் கல்யாணமே அதன்மேல்தான் நின்றது. அண்ணா ஒரு நாள் காலையில் சைக்கிளில் போனார். பின்னேரம் சைக்கிளை மட்டும் யாரோ வேலியில் சாத்திவிட்டுப் போனார்கள். இயக்கத்துக்குப் போய்விட்டார் என்று பிறகு அறிந்தோம். அதற்கு மேல் இன்றுவரை ஒன்றும் அறியவில்லை. அம்மா படுக்கையில் விழுந்தாள். எனக்குச் சம்பந்தம் பேசி வந்தபோது அப்பா சீதனத்தைப் பற்றிப் பேசுமுன்னர் கேட்டது ஒன்றுதான், பெடியனுக்கு இயக்கத்தோடு தொடர்பு ஏதும் உண்டோ என்று. தரகர் சத்தியம் பண்ணினார். பெடியன் ஒன்றரை வருடம் திருச்சியில் மாமாவின் கடையில் நின்றவனாம், அங்கிருந்து நேரே சுவிஸாம். இயக்கக்காரனைக் கட்டுவதிலும் பார்க்கக் கிணற்றில் குதிப்பேன் என்று நானும் சொல்லியிருந்தேன். அது இவருடைய காதுக்கும் போனது. கல்யாணத்துக்குப் பிறகு ஒருநாள், கடையில் என்ன விற்றீர்கள் என்று கேட்டேன். எல்லாச் சாமானும் என்றார்.

ஆகவே அந்தச் சனிக்கிழமை நான் போனது ஒரு திட்டத்தோடு. தாலிக்கொடியை அவள் பார்க்கவேண்டும், அது ஒன்று. மற்றது, கடைக்காரர் ஏதாவது கேட்க இவர் முழிக்கவேண்டும். இவருடைய பொய் அவளுக்கு முன்னால் சந்தி சிரிக்கவேண்டும். நான் ஓரமாக நின்று அதைப் பார்க்கவேண்டும்.

அவள் கடை வாசலில் நின்றாள். என் சேலையைத் தொட்டுப் பார்த்து அழகு என்றாள். பிறகு இந்த ஊர் வழக்கப்படி என் கணவரின் கன்னத்தில் மாறி மாறி மூன்று முத்தம். எனக்கும் மூன்று தந்தாள். எனக்கு ஒன்றும் தேவைப்படவில்லை.

உள்ளே எண்ணெய் மணத்தது. வயதான கடைக்காரர் மேசையில் பச்சைத் துணி விரித்து மூன்று பிஸ்டல்களை வைத்தார். அவள் வாங்குவதற்கான அனுமதிக் கடதாசியைக் காட்டிவிட்டு, முதலாவதை எடுத்தாள். அவளுடைய அப்பா வைத்திருந்த இனம், பெரியது, இராணுவத்துக்காரர் கொண்டுதிரிவது. தூக்கியதும் மணிக்கட்டு சரிந்தது. எனக்கு உள்ளுக்குள் நல்ல புளுகம், சிரிப்பை அடக்கிக்கொண்டேன். என் கணவர் மெதுவாக ஏதோ சொல்ல, அவள் கண்ணை மூடிக் கையை உயர்த்தினாள், பிறகு திறந்தாள். குழல் எங்கேயோ கூரை விளக்கைப் பார்த்தது. கை தானாக நேரே போய் நிற்கவேண்டும், அப்போதுதான் அது அவளுக்கு உரியது என்று என்னிடம் விளக்கினார். இரண்டாவது பளபளப்பானது, அதுவும் சரிவரவில்லை. முதலில் வாங்குகிறவள் அழகைப் பார்க்கக்கூடாது, பெருசையும் பார்க்கக்கூடாது என்றார். மாப்பிள்ளை பார்ப்பதற்கும் அதே புத்தி சொல்லலாம் என்று நினைத்துக்கொண்டேன். புத்தகத்தைப் பார்த்துப் பாடமாக்கி வைத்திருக்கிறார் மனிதர், கொஞ்சம் பொறு, அகப்படுவார்.

மூன்றாவது சின்னது, கறுப்பு, ஒரு பகட்டும் இல்லை. அவளிடம் கொடுக்க அதை அவரே எடுத்தார். எடுத்த கையிலேயே மகசின், தோட்டா போடுகிற கூடு, கழன்று மற்றக் கையில் விழுந்தது. மேல்பாகத்தைப் பின்னுக்கு இழுத்தார். உள்ளே பார்த்தார். பார்த்தது காணாதென்று சின்ன விரலை உள்ளே விட்டுத் தடவினார், இருட்டில் தடவுகிற மாதிரி. அவ்வளவு நேரமும் சுட்டுவிரல் விசையில் படாமல் வெளியே நீட்டியபடி கிடந்தது. முகம் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தது, சேலை நிலத்தில் இழுபடுகிறது என்று எனக்குச் சொல்லிக்கொண்டிருந்தார். நான் தேங்காய் துருவும்போது கையைப் பார்ப்பதில்லை. அவரும் பார்க்கவில்லை.

கடைக்காரர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றிவிட்டு அவரைப் பார்த்து ஒரு கேள்வி கேட்டார். அதில் எனக்கு விளங்கியது ஒரு சொல்தான், டீன்ஸ்ட். என் கணவர் மகசினைப் பச்சைத் துணியில் வைத்தார். பக்கத்து மேசைக்காரி அவருக்காகப் பதில் சொன்னாள், வெகு சாதாரணமாக.

"இன் இன்டியன்."

இந்தியாவில். அதை விளங்கிக்கொள்ள டொய்ச் தேவையில்லை, இயக்கங்களின் பயிற்சி முகாம்கள் அங்கேதான் என்பது ஊரில் சின்னப்பிள்ளைக்கும் தெரியும்.

கடைக்காரர் தலையாட்டினார், அவ்வளவுதான். பக்கத்து மேசைக்காரி கண்ணை மூடிக் கையை உயர்த்தித் திறந்தாள். சரியாக நின்றது. அதையே வாங்கினாள். வாசலில் திரும்பவும் மூன்று முத்தம்.

பஸ்ஸில் பக்கத்தில் பக்கத்தில் இருந்தோம். எனக்குப் பயம் வரவில்லை, அழுகை வரவில்லை. நெஞ்சு எரிந்தது, அவ்வளவுதான். முழுப் பூசணிக்காயை ஒருத்தர் எனக்குச் சோற்றில் மறைத்திருக்கிறார், அது பரவாயில்லை. அதே பூசணிக்காயை வெட்டி அவளுக்குப் பரிமாறியிருக்கிறாரே. என்னிடம் இருந்தது ஒன்றரை வருடத்தை வெட்டி எடுத்த ஒரு மனிதர். முழு மனிதர் அவளிடம் இருந்தார்.

"அவளுக்கு எப்ப சொன்னனீங்கள்?" என்று கேட்டேன்.

"கனநாள். உங்கட நாட்டில நீயும் டீன்ஸ்ட் செய்தனியோ எண்டு ஒருநாள் கேட்டவ. இஞ்ச எல்லாரும் எல்லாரையும் கேக்கிறதுதானே. சொல்லிப்போட்டன்."

"எனக்கு?"

பஸ் கண்ணாடியில் படிந்த ஆவியைக் கோட்டுக் கையால் துடைத்தார்.

"நீர் என்னை விட்டிட்டுப் போயிடுவீர் எண்டு பயம்."

அந்தப் பதில் என்னைத் தொட்டிருக்கவேண்டும். தொடவில்லை. அவளுக்கு எவ்வளவு சொன்னார், எந்த மேசையில், எப்படி, சிரித்துக்கொண்டா என்று மனம் துருவிக்கொண்டே வந்தது. வீட்டுக்கு வந்து கோட்டைக் கழற்றியபோது தாலிக்கொடி பொத்தானில் சிக்கியது. அதை எடுக்க நிமிர்ந்தபோது சுவரில் அண்ணா என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார். அப்போதுதான் எனக்கு உறைத்தது.

"அண்ணாவைக் கண்டனீங்களோ அங்க?"

என் கணவர் சப்பாத்தைக் கழற்றாமல் வாசலிலேயே நின்றார்.

"இல்லை. அந்தப் படத்தைப் பாத்துப் பாத்து அங்க கண்ட முகம் எல்லாத்தையும் யோசிச்சிட்டன். இல்லை." பிறகு சொன்னார், "அவவும் இதைத்தான் கேட்டவ. சாப்பிட வந்தண்டைக்கு."

என் அண்ணாவைப் பற்றி, என் வீட்டில், என் புட்டைச் சாப்பிட்டுக்கொண்டு, நான் கேட்கவேண்டிய கேள்வியை அவள் எனக்கு முந்திக் கேட்டுவிட்டாள். இவர் தலையை ஆட்டி இல்லை என்றார். நான் பக்கத்தில் நின்று அவளுடைய தட்டுக்கு இன்னும் கொஞ்சம் குழம்பு விட்டேன்.