கெப்ஹார்ட் கல்யாணத்தன்று குளம் உறைந்திருந்தது

என் கொழுந்தன் கெப்ஹார்ட் நன்றாகப் பீர் காய்ச்சுவான். பெண்பிள்ளை எதிரே வந்தால் மட்டும் பீப்பாய்க்குப் பின்னால் போய் ஒளிந்துகொள்வான். பவேரியாவிலிருந்து மிசூரிக்கு வந்து அண்ணனும் தம்பியும் ஆலை போட்டார்கள். அண்ணன் அலோய்ஸ் என்னைக் கட்டினார். அவர் போய்ச் சேர்ந்தது இந்தக் கல்யாணத்துக்கு ரொம்ப வருஷம் கழித்து. தம்பிக்கு நாற்பது வயது வரை கல்யாணம் ஆகவில்லை. கடைசியில் செருப்புக்கடைக்காரனின் விதவை வால்புர்காதான் துணிந்து கேட்டாள்.

"என்னைக் கட்டிக்கிறியா, இல்ல பீப்பாயையே கட்டிப் பிடிச்சிட்டு இருக்கப்போறியா?"

சாம்பல் புதனுக்கு முந்தின நாள் கல்யாணம். அதை விட்டால் தபசு காலம், ஈஸ்டர் வரை தாலிப் பேச்சே கிடையாது. பூசையும் மத்தியானத்துக்குள் முடிய வேண்டும்.

அந்த வருஷம் குளிரே இல்லை. பனிக்கட்டி வெட்டி நிலவறையில் அடுக்காவிட்டால் கோடையில் பீர் புளித்துவிடும், ஆலையை மூட வேண்டியதுதான். கல்யாண வாரத்தில்தான் குளம் உறைந்தது. இன்னும் தடிக்கட்டும் என்று இரண்டு மடையர்களும் காத்திருந்தார்கள். கல்யாணத்தன்று விடிந்தால் தெற்கிலிருந்து வெதுவெதுப்பான காற்று! மத்தியானம் தாண்டினால் எல்லாம் இளகிவிடும்.

கெப்ஹார்ட் கல்யாணக் கோட்டோடு கரையில் நின்றான்.

"அண்ணி, கோயிலுக்குப் போனா ஆலை போச்சு. குளத்துல இறங்கினா அவ போயிடுவா."

"அவகிட்டயே கேளுடா. நான் என்ன தூதுக்காரியா?"

அதற்குள் அவளே வண்டியில் வந்து இறங்கினாள்.

"ஏன்யா, கோயில் அந்தப் பக்கம்ல இருக்கு? ஓடிப்போறவன் குளத்துக்கா ஓடுவான்?"

அவன் குளத்தைக் காட்டினான். அவள் காற்றுக்கு முகத்தைக் காட்டிப் பார்த்தாள். விஷயம் புரிந்துவிட்டது.

"ஒரு கடையை மூடிட்டு வந்தவ நான். இன்னொண்ணையும் மூடணுமா? ரம்பத்தை எடு!"

வந்த விருந்தாளிகள் எல்லாரும் இறங்கினார்கள். பூசையில் நன்மை அப்பம் வாங்குகிறவரை விரதமாயிற்றே, ஒருத்தர் வாயிலும் பச்சைத் தண்ணீர் படவில்லை. வால்புர்கா பாவாடையைத் தூக்கிச் செருகிக்கொண்டு குதிரைகளை ஓட்டினாள். சாமியார் தேடிக்கொண்டு வந்து கத்தினார்.

"பூசை வச்சாத்தான் எனக்குக் கஞ்சி! குடல் காயுது!"

"அப்ப ஒரு கை பிடிங்க சாமி, சுருக்கா முடியும்" என்றேன். முறைத்தார். பிறகு அங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு கொக்கிக் கழியை வாங்கிக்கொண்டார்.

நிலவறை முக்கால்வாசி நிறைந்தபோது கோயிலில் பூசைக்குக் கடைசி மணி அடித்தது. குளத்தில் இன்னும் நல்ல கட்டி கிடந்தது. அலோய்ஸுக்கு மனசு வரவில்லை.

"டேய், இன்னும் நாலு வண்டி எடுத்துடலாம்டா."

கெப்ஹார்ட் ரம்பத்தைக் கீழே போட்டான்.

"போதும் அண்ணே. மிச்சம் உருகட்டும்."

பீடத்தின் முன்னால் அவன் பூட்ஸிலிருந்து தண்ணீர் ஓடியது. "சம்மதமா?" என்று சாமியார் கேட்டு முடிக்கவில்லை, வெளியே நின்ற குதிரை மிரளும்படி "சம்மதம்!" என்று கத்தினான்.

அந்த வருஷம் ஆகஸ்டிலேயே கட்டியும் தீர்ந்தது, பீரும் தீர்ந்தது. குடிக்க வந்தவர்கள் முணுமுணுத்தால் வால்புர்காவைக் கை காட்டுவான்.

"மிச்சக் கட்டிக்குப் பதிலா இவளை எடுத்துக்கிட்டேன்யா. போய் காப்பி குடிங்க."